ரொக்ஸ்பரோ வீட்டின் இரண்டு அடுப்புகள்

எழுதுகிறவர்களின் வரிசையில் நிற்க எனக்குத் தகுதியில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓ.எல். பரீட்சையோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதன்பின் இருபத்தொன்பது வருடம் மட்டக்களப்பில் ஒரு பேக்கரியில் பாண் சுடும் போறணைக்கு விறகு போட்டேன். ஒரு பக்கத்துக்கு மேல் கடிதம் எழுதியதில்லை. நாலு பேர் கூடினால் பின்னால் நிற்கிற ஆள். வெளிநாடு போய் வந்தவர்கள் மலையையும் ஏரியையும் பற்றி எழுதுகிறார்கள். நான் மொன்றியலில் ஐந்து கிழமை இருந்தேன். பார்த்தது ஒரு வீடு, இரண்டு அடுப்பு, இரண்டு ஆஸ்பத்திரி. ஆனாலும் பிள்ளைப்பேறு பார்க்க இங்கிருந்து நிறையப் பேர் போகிறார்கள். அவர்களில் ஒருவராவது இதை வாசித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எழுதத் துணிந்தேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் நான் போக வேண்டியவன் அல்ல. மகள் தர்சினியின் பிள்ளைப்பேற்றுக்கு நானும் மனைவியும் விசா கேட்டோம். மனைவிக்கு மறுத்துவிட்டு எனக்குக் கொடுத்தார்கள். காரணம் கடிதத்தில் விளங்கும்படி இல்லை. தர்சினிக்கு அதற்கு முன் இரண்டு தரம் பிள்ளை தங்கவில்லை. ஒன்று நாலாம் மாதம் போனது. மற்றது ஏழாம் மாதம். பெயர்கூட யோசித்து வைத்திருந்தார்கள். மூன்றாவது, நான் போய்ச் சேர முன்னரே, நாள் முந்திப் பிறந்தது. பெண் பிள்ளை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

மனைவி ஒரு பயிற்சிக் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதித் தந்தாள். எந்த நாள் எந்தக் கறி, எந்த நாள் தலைக்கு வார்ப்பது, எத்தனை நாள் சாம்பிராணி. பஸ்சில் என்னை ஏற்றும்போதும் அதையே சொன்னாள்.

"இஞ்சாருங்க, நான் செய்யிற எல்லாத்தையும் நீங்க செய்யணும். வெக்கப்பட்டுக்கிட்டு நிக்காதீங்க. தாய்க்கும் புள்ளைக்கும் குளிர் மட்டும் படப்படாது. ரெண்டு தரம் போன வயிறு அது."

மொன்றியல் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைக்கும் சரக்குத்தூள் பையை மோந்து பார்த்துவிட்டுத் தும்மினார். எதற்கு வந்தாய் என்று கேட்டார். மகளின் பிள்ளைப்பேறு என்று எழுதி வைத்திருந்த ஆங்கிலத் துண்டைக் காட்டினேன். "பிள்ளைப்பேறு பார்க்க அப்பாவா?" என்று பக்கத்தில் நின்ற பெண் அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அந்த அளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "என் அப்பா ஒரு நாள் கூட வந்து பார்க்கவில்லை" என்றாள். முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

வெளியே கதவு திறந்ததும் மூக்குக்குள் இருந்த ஈரம் உறைந்தது. எங்களூரில் மார்கழியில் கடற்கரைக் காற்றுக்கே தலையில் துவாய் சுற்றுகிறவர்கள் நாங்கள். மருமகன் ரமணன் கொண்டுவந்த தடித்த கோட்டை அங்கேயே நின்று போட்டுக்கொண்டேன். ரமணன் யாழ்ப்பாணம். கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அதிகம் கதைக்க மாட்டார். நானும் அப்படித்தான். கார் வீடு போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் பனியைப் பற்றி மட்டும் கதைத்தோம்.

வீடு ரொக்ஸ்பரோவில். ஒற்றைத் தட்டு வீடு, கீழே ஒரு நிலவறை. உள்ளே போனதும் சூடு முகத்தில் அடித்தது. நான் எதிர்பார்த்த சூடு அல்ல. போறணை வாய்க்கு முன்னால் நிற்கிற மாதிரி, பழகிய சூடு. ஹோலின் மூலையில் ஓர் இரும்பு அடுப்பு. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விறகு எரிந்துகொண்டிருந்தது. விமானம் ஏறியதிலிருந்து அப்போதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

அன்று பின்னேரம் ரமணன் நிலவறைக்குக் கூட்டிப்போய் இரண்டாவது அடுப்பைக் காட்டினார். அது பெலட் அடுப்பு. மேலே ஒரு பெட்டி. அதற்குள் பையிலிருந்து எதையோ சரசரவென்று கொட்டினார். கோழித்தீன் மாதிரிக் குட்டிக் குட்டித் துண்டுகள்.

"கோழியா வளர்க்கிறீங்க தம்பி?" என்று கேட்டேன்.

"கோழி இல்லை மாமா, இந்த அடுப்புத்தான் தின்னுறது. மரத்தூளை அமத்திச் செய்யிறது. ஒரு பை போட்டால் ஒரு நாளைக்குக் காணும். தானாப் பத்தும், தானாத் தின்னும், காணுமெண்டால் தானா நிக்கும். உங்கடை போறணை மாதிரி விறகைத் தள்ளிக்கொண்டு நிக்கத் தேவையில்லை."

"அப்ப மேல இரிக்கிற விறகடுப்பு?"

"அது பழைய வீட்டுக்காரர் பூட்டினது. நகரசபையிலை பதிஞ்ச அடுப்பு. பெலட் அடுப்புக்குக் கரண்ட் வேணும் மாமா. கரண்ட் போனால் இது வெறும் இரும்புப் பெட்டி. அதுக்குத்தான் மேலை அது."

பெலட் அடுப்புக்கு நேர் மேலே தர்சினியின் அறை. அறைத் தரையில் ஒரு கம்பிச் சல்லடை வைத்திருந்தார்கள். கீழே இருக்கும் சூடு அதன் வழியே மேலே ஏறும். யன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, தலைமுடி காய வைக்கும் மெசினால் சூடு காட்டி, மேளத்தோல் மாதிரி இறுக்கியிருந்தார்கள். அங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தானாம். காற்றுப் புக ஓர் ஊசித் துவாரம் இல்லை. நல்ல வேலை என்று மெச்சினேன்.

மறுநாள் பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். துணிக்குள் முகம் எலுமிச்சம்பழம் அளவு. தர்சினி அதைத் தூக்கும் விதத்திலேயே பயம் தெரிந்தது. மூச்சு வருகிறதா என்று மணித்தியாலத்துக்கு நாலு தரம் விரலை மூக்கடியில் வைத்துப் பார்ப்பாள்.

"அப்பா, இவள் நிப்பாள்தானே?"

"நிப்பாள் புள்ள. சூடா வச்சிருந்தாப் போதும்."

நான் கொப்பியைத் திறந்தேன். முதல் நாள் சரக்குக் கறி. மிளகும் மல்லியும் வறுத்ததில் வீடு முழுக்கப் புகை. பிறகு சாம்பிராணி. விறகடுப்பிலிருந்து நாலு தணல் எடுத்து, இரும்புத் தாச்சியில் போட்டு, தூளைத் தூவி, தர்சினியின் தலைமுடிக்குக் காட்டினேன். அவ்வளவுதான், அறைக்கு வெளியே நடைவழிக் கூரையில் இருந்த அலாரம் கத்தத் தொடங்கியது. பிள்ளை வீரிட்டது. பெரிய பாவம் செய்தவன் மாதிரி நான் தாச்சியோடு வெளியே ஓடிப் பனியில் நின்றேன்.

தர்சினி யன்னலடியில் நின்று சிரித்தாள். "உள்ள வாங்க அப்பா, பொலிஸ் வராது."

நாற்பது நாளுக்குத் தினமும் சாம்பிராணி போட வேண்டும் என்று ரமணனிடம் சொன்னேன். அவர் ஸ்டூலில் ஏறி அலாரத்தைக் கழற்றி, பற்றரியை எடுத்து, குசினி மேசை லாச்சிக்குள் வைத்தார். "உந்த நாப்பது நாள் முடியத் திருப்பிப் பூட்டுவம்" என்றார். இங்கே எழுதி வைக்கிறேன்: கழற்றியது அவர். கழற்றச் செய்தது நான்.

நாலாம் நாள் பெலட் வாங்கப் போனோம். கடை வாசலில் கார் பின்பக்கமாகச் சறுக்கி ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டியது. பின்கதவு திறந்து இரண்டு பை கீழே விழுந்து கிழிந்தது. பெலட் எல்லாம் சேற்றுப் பனியில். நான் குனிந்து கைகளால் அள்ளினேன். கைக்குள் வரும்போதே ஊறி, கஞ்சி மாதிரிக் கரைந்துவிட்டது. பக்கத்தில் வண்டி தள்ளிக்கொண்டு போன ஒரு கிழவி ஏதோ சொன்னாள். ரமணன் சிரித்தார். "உங்கடை பூனைக்கு அதைக் குடுங்கோ எண்டு சொல்லுறா. இஞ்சை பூனை கக்கா இருக்கிற தட்டுக்கும் உது மாதிரித்தான் போடுறது." விறகு நனைந்தால் காயவைக்கலாம். இது நனைந்தால் போனதுதான். எனக்கு அந்த அடுப்பின்மேல் அன்றே நம்பிக்கை குறைந்தது.

இன்னொரு நாள் பால்சுறா வாங்கத் தனியாகப் பஸ்சில் போனேன். பால்சுறா தின்றால் தாய்க்குப் பால் ஊறும் என்று கொப்பியில் இருந்தது. தமிழ்க் கடை இருந்த டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இறங்க வேண்டும். இறங்குவதற்கு ஒரு கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தால் மணி அடித்து எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூச்சம். வேறு யாராவது இழுப்பார்கள் என்று இருந்தேன். கடைசித் தரிப்பிடம் வரை போய்விட்டேன். சாரதி எழுந்து வந்து என்னைப் பார்த்தார். நான் கடையின் பெயர் எழுதிய துண்டைக் காட்டினேன். அவர் கையால் கயிறு இழுத்துக் காட்டி, "அது கடிக்காது" என்றாராம். திரும்பிப் போக அங்கே பஸ் ஏறிய, தமிழ் தெரிந்த ஓர் இந்தியப் பெண் துண்டை வாசித்துச் சொல்லி, அப்படித்தான் மொழிபெயர்த்தாள். திரும்பும் வழியில் அவளே என் இடத்தில் கயிற்றை இழுத்துவிட்டாள். சுறா உறைந்து கல்லாக இருந்தது. வீட்டில் விறகடுப்பின் தலையில் வைத்து இளக்கி, அவித்து உதிர்த்து வறை செய்தேன். தர்சினி இரண்டு தரம் போட்டுத் தின்றாள்.

அந்த வீட்டில் எனக்கு ஒரே ஒரு கூட்டாளி கிடைத்தார். பக்கத்து வீட்டு ரெஜான். எழுபது வயது இருக்கும். விறகு அவர்தான் கொண்டுவந்து போடுவார். அவருக்குப் பிரெஞ்சு, எனக்குத் தமிழ். முதல் நாள் அவர் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிக் காட்டினார். டங் என்றது. காய்ந்த விறகு. நான் அடுக்கில் கைவிட்டு ஒரு கட்டையை உருவித் தட்டினேன். மொத்தென்றது, ஈர விறகு. அதைத் தள்ளி வைத்தேன். அவர் என் முதுகில் அடித்துச் சிரித்தார். அதன்பின் ஒவ்வொரு நாளும் வருவார். அடுப்புக் கதவைத் திறந்து நான் அடுக்கியிருக்கும் விதத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். ஒரு நாள் தர்சினியிடம் ஏதோ சொன்னார்.

"உங்க அப்பாவிட்ட நெருப்பு சொல்லுக் கேக்குது எண்டுறார்" என்றாள் தர்சினி. என் வாழ்க்கையில் ஒரு வெளியாள் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. காது சூடாகிவிட்டது.

பிள்ளை மெல்ல மெல்லத் தேறியது. தாதி ஒருத்தி வீட்டுக்கு வந்து எடை நிறுத்துவிட்டு நல்லது என்றாள். கோயிலில் அர்ச்சனை செய்ய வேண்டும் என்று ரமணன் சொன்னார். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியட்டும் என்றேன். அது கழியும் முப்பத்தொரு நாளைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அன்று விடிய மழை பெய்தது. மழை என்றால் எங்கள் மழை அல்ல. விழுந்த இடத்தில் கண்ணாடியாக ஒட்டுகிற மழை. வேலி, கம்பி, மரக்கொப்பு, காரின் கதவு எல்லாம் கண்ணாடிக்குள். பார்க்க அழகுதான். ஒன்பது மணிபோல் கொப்புகள் முறியத் தொடங்கின. வெடிச் சத்தம் மாதிரி இருந்தது. எங்களூரில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் எப்படிக் குனிவார்களோ அப்படியே நானும் குனிந்தேன். பிறகு வெட்கப்பட்டு நிமிர்ந்தேன்.

ரமணன் விடியவே வேலைக்குப் போய்விட்டார். பத்தரைக்குக் கரண்ட் நின்றது. கீழே பெலட் அடுப்பின் விசிறி ஒரு முனகலோடு ஓய்ந்தது. இறங்கிப் பார்த்தேன். அரைவாசி எரிந்த துண்டுகள் புகைந்தன. பெட்டி நிறையத் தீன் கிடந்தது, வாய்க்குப் போகவில்லை. தட்டிப் பார்த்தேன். எந்தப் பொத்தானுக்கும் உயிரில்லை.

ஹோலில் விறகடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் சூடு நடைவழி தாண்டி அறைக்குப் போகவில்லை. அறைச் சல்லடை வழியே நிலவறைக் குளிர் மேலே வந்தது. நான் சல்லடைமேல் மடித்த கம்பளி ஒன்றைப் போட்டு மூடினேன். தண்ணீரை விறகடுப்பில் கொதிக்க வைத்தேன். அன்று கொப்பியின்படி தலைக்கு வார்க்கிற நாள். ஒரு நாள் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை.

தர்சினி குளித்துவிட்டு வந்து, பல் கிடுகிடுக்கச் சொன்னாள்.

"அப்பா, நான் புள்ளையத் தூக்கிட்டு ஹோலுக்கு வாறன். அங்க அடுப்படியில படுக்கிறன்."

"வேணாம் புள்ள. தலை குளிச்ச உடம்பு. விறகெடுக்க நான் கதவைத் திறந்து திறந்து மூடணும். காத்துப் பட்டாச் சன்னி வந்திரும்."

"ரமணனும் அங்கதான் படுக்கச் சொன்னவர். இப்பதான் போன் எடுத்தவர்."

"அவருக்கு என்ன தெரியும்? முப்பத்தொண்டு முடியட்டும். நீ படு. நான் இஞ்சயே சூடு கொண்டு வாறன்."

அந்த நேரம் மனைவியும் போனில் வந்தாள். அங்கே இரவு பத்தரை தாண்டியிருந்தது, படுக்காமல் இருந்தாள். கரண்ட் இல்லை என்றதும் அவள் குரல் மாறியது.

"தணல் வைங்க. சட்டியில சாம்பலப் போட்டு அதுக்கு மேல தணல் வைங்க. இவள் பிறக்கக்குள்ள நீங்க வச்சதுதானே."

உண்மை. தர்சினி பிறந்த மாரியில் நானேதான் பேக்கரியிலிருந்து தணல் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தேன். ஒரு கிழமை வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் வீட்டில் சுவருக்கும் ஓட்டுக்கும் இடையில் ஒரு கை போகும் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியைப் பற்றி நான் அன்று நினைக்கவில்லை. தணலில் புகை இல்லை, புகை இல்லாவிட்டால் தீங்கில்லை என்பதுதான் நான் அறிந்தது.

தாச்சியில் சாம்பலைப் பரப்பி, நன்றாக வெந்த தணலாகப் பார்த்து எடுத்து, இரண்டு ஓட்டுக்கல்லின்மேல் கட்டில் காலடியில் வைத்தேன். கதவைச் சாத்தினேன். கதவின் கீழ் இடுக்கில் துவாயைச் சுருட்டி வைத்தேன். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்ற நிறைவு இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அரை மணித்தியாலம் கழித்து எட்டிப் பார்த்தேன். அறை இதமாக இருந்தது. பிள்ளை தூங்கியது.

"தலை இடிக்குது அப்பா" என்றாள் தர்சினி.

"தண்ணி பட்டதுதான் புள்ள" என்று நெற்றியில் தைலம் தேய்த்தேன். தணல் கொஞ்சம் சாம்பல் பூத்திருந்தது. இன்னும் மூன்று அகப்பை கொண்டுவந்து போட்டேன். கதவைச் சாத்தினேன்.

பிறகு வெளியே போனேன். வாசற்படி முழுக்கக் கண்ணாடி. கோடரியின் பின்புறத்தால் கொத்தினேன். ரெஜான் தன் படியைக் கொத்திக்கொண்டு நின்றார். என் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, கையைத் தேய்த்து, தலையைச் சரித்துக் கேட்டார்: உள்ளே சூடா? நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். இரண்டு பேரும் விறகின் மேலிருந்த பனிக்கட்டியை உடைத்து, ஒரு பகல் எரிப்புக்குக் காணும் விறகை ஹோலுக்குள் அடுக்கினோம். அவர் போன பிறகு நான் மல்லித்தண்ணி காய்ச்சினேன். எல்லாமாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும்.

கோப்பையோடு கதவைத் திறந்தேன். தர்சினி கட்டிலோரம், தின்றதெல்லாம் வெளியே வர, சத்தி எடுத்திருந்தாள். ஒரு கை கீழே தொங்கியது. முகம் சிவந்து, நல்ல சுகமாகத் தூங்குகிற ஆள் மாதிரி இருந்தது. கூப்பிட்டேன். உலுக்கினேன். கண் பாதி திறந்து மேலே போனது. பிள்ளையைத் தூக்கினேன். நனைந்த துணியைத் தூக்குவது போல இருந்தது. தலை என் கைக்கு வெளியே விழுந்தது.

நான் பிள்ளையோடு வாசலுக்கு ஓடினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை. தமிழில்தான் கத்தியிருப்பேன். ரெஜான் படியில் விழுந்து எழும்பி ஓடிவந்தார். அறைக்குள் ஓர் அடி வைத்தார். தாச்சியைக் கண்டார். ஒரு சொல் சொன்னார். பிறகு இரண்டு கையாலும் யன்னல் பிளாஸ்டிக்கைக் கிழித்து, யன்னலை அடித்துத் திறந்தார். தர்சினியைக் கக்கத்தில் கைகொடுத்து வெளியே இழுத்தார். ஐஸ்மழைக்குள், நான் மூன்று கிழமையாகக் காற்றுப் படாமல் காத்த இரண்டு பேரையும் வாசலில் வைத்தோம். பிள்ளையின் முகத்தில் மழை விழுந்தது. அது முகத்தைச் சுளித்தது. அழவில்லை. சுளித்தது மட்டும்தான்.

ரெஜான் போனில் கூப்பிட, தீயணைப்புக்காரர்கள் முதலில் வந்தார்கள். அம்புலன்ஸ் எங்கள் தெருமுனையில் சறுக்கிப் பனிக் குவியலில் ஏறி நின்றுவிட்டது. அவர்கள் அங்கிருந்து நடந்தே, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தீயணைப்புக்காரர் ஒருவர் நச்சுக் காற்றைக் கண்டுபிடிக்கிற சின்னக் கருவி ஒன்றை இடுப்பில் கட்டியிருந்தார். அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அது கத்தியது. ஹோலில் நிற்கும்போதே கத்தியது. அவர் தாச்சியை ஒரு மண்வெட்டியில் ஏந்தி வெளியே கொண்டுவந்து பனியில் கவிழ்த்தார். உஸ் என்றது.

அம்புலன்சில் எனக்கு இடமில்லை. ரெஜான் தன் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் சந்தி விளக்குகள் செத்துக் கிடந்தன. நான் அப்போதும் வீட்டுச் செருப்போடு இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ரமணன் வேலை உடுப்போடு ஓடிவந்தார்.

"மாமா, என்ன செய்தனீங்கள்?"

சொன்னேன். கதவிடுக்கில் துவாய் வைத்ததையும் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தானே அலாரத்தைக் கழட்டினது. தணல் விடுற நச்சுக் காத்துக்கும் அது கத்தியிருக்கும்" என்றார். பிறகு போய் ஐந்து கதிரை தள்ளி உட்கார்ந்தார்.

ரெஜான் அவரிடம் மெதுவாக ஏதோ கதைத்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். ரமணன் சொல்ல விரும்பவில்லை. திரும்பவும் கேட்டேன்.

"'நெருப்புத் தெரிஞ்ச மனிசன் எண்டெல்லோ நினைச்சன், அதாலை உள்ளை வந்து பாக்கேல்லை' எண்டு சொல்லுறார்."

ரெஜான் என்னைப் பார்க்காமல் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

ஒரு மணித்தியாலத்தில் பிள்ளையை வேறோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ரமணன் அதோடு போனார். தர்சினியை ஒரு பெரிய இரும்புக் குழாய்க்குள் படுக்க வைத்துக் காற்றை அழுத்தி ஏற்றினார்கள். வட்டக் கண்ணாடி வழியாக அவள் பாதம் மட்டும் தெரிந்தது. மூடிய கதவு, உள்ளே என் மகள். நான் எத்தனையோ ஆயிரம் பாண் போறணைக்குள் தள்ளிக் கதவு மூடியவன். அந்தக் கதவுக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

பின்னேரம் ஓர் அம்மணி கோப்போடு வந்தாள். பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கிற அலுவலகமாம். போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருத்தி. சென்னைக்காரி போல.

"சார், அந்த நெருப்பை ரூமுக்குள்ள வெச்சது யாருன்னு கேக்கறாங்க."

"நான்."

"உங்க பொண்ணு வெக்கச் சொன்னாங்களா?"

"இல்ல. அவ ஹோலுக்கு வாறன் எண்டவ. நான்தான் விடல்ல."

"வேற யாராவது சொன்னாங்களா சார்?"

"ஒருத்தரும் சொல்லல்ல."

அம்மணி எழுதினாள். மொழிபெயர்ப்பாளர், "இது அவங்க கேக்கலை, நான் கேக்கறேன். குழந்தை எப்படி இருக்கு சார்?" என்றாள். தெரியாது என்றேன்.

ஆறு மணிக்கு ரமணன் போன் எடுத்தார். பிள்ளை மூச்சு விடுகிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், இதயம் சரி. தலைக்குள் ஏதும் பாதிப்பு உண்டா என்று இப்போது சொல்ல முடியாது, வளர வளரத்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னாராம். இதை எழுதுகிற இன்றைக்கும் பதில் அதுதான். பிள்ளை வீட்டில் இருக்கிறது, பால் குடிக்கிறது. வளர வளரத்தான் தெரியும்.

தர்சினி ஏழு மணிபோல் கண் திறந்தாள். குரல் கரகரத்தது.

"புள்ள?"

"இரிக்கு."

"உண்மையச் சொல்லுங்க."

"இரிக்கு புள்ள. கண்ணாடிப் பெட்டிக்குள்ள. ரமணன் பக்கத்தில."

நான் அவள் திட்டுவாள் என்று இருந்தேன். திட்டியிருந்தால் நல்லது.

"அம்மாட்டச் சொல்லாதீங்க" என்றாள். "அவ தாங்க மாட்டா. தான் சொன்னதெண்டு நினைச்சே செத்திருவா."

எட்டரைக்குப் போன் அடித்தது. எங்களூரில் விடிந்திருக்கும். மனைவியின் பின்னால் காகம் கத்துவது கேட்டது. நான் நடைவழியின் கடைசிக்குப் போய் நின்று எடுத்தேன்.

"கரண்ட் வந்திட்டா?"

"இல்ல."

"தணல் வச்சிங்களா?"

"ஓம். வச்சன்."

"நான் சொன்னன்தானே. புள்ள இப்ப சூடா இரிக்கா?"

"ஓம்" என்றேன். "சூடா இரிக்கு."

"அப்ப நான் கொஞ்சம் படுக்கப் போறன். இரவு முழுக்க நித்திரை இல்ல" என்றாள். இரண்டு கிழமை கழித்து, ஊருக்குத் திரும்பி வந்து, நேரில்தான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குத் தர்சினியை விட்டார்கள். அவளும் நானும் டாக்சியில் மற்ற ஆஸ்பத்திரிக்குப் போனோம். மரங்கள் விழுந்து பாதை மூடியிருந்ததால் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. பிள்ளைக்குக் குழாயால் முப்பது மில்லிலீற்றர் பால் கொடுத்தார்கள். பாதியைக் கக்கிவிட்டது.